விளையாட்டில் உடலின் நெம்புகோல்களும் மூட்டு அசைவுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எலும்பும் மூட்டும் தசையும் சேர்ந்து நெம்புகோலாக வேலை செய்கின்றன என்பதைப் பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். அதைக் களத்தில் எப்படிப் பார்ப்பது, பயிற்சியில் எப்படிப் பயன்படுத்துவது என்பதைப் பற்றிய கேள்விகள் இங்கே. கணக்கு எளிதாக இருக்க, 1 கிலோவின் எடையை 10 நியூட்டன் என்று எடுத்துக்கொண்டிருக்கிறோம். கை கால் அளவுகள் நடுத்தர உடலுக்கானவை. ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும்.

உடலில் நெம்புகோல் என்று எதைச் சொல்கிறோம்?

எலும்புதான் கோல். மூட்டு, ஆதாரம். தசைநாண் எலும்பில் போய் ஒட்டும் இடத்தில் விசை செயல்படுகிறது. தூக்க வேண்டிய உறுப்பின் எடையும், கையிலோ தோளிலோ இருக்கும் பந்து, மட்டை, பார்பெல் எல்லாமும் சேர்ந்தது பளு.

இதில் பலர் தவறுவது விசை எங்கே என்பதில்தான். தசை புடைத்துத் தெரியும் இடத்தில் விசை செயல்படுவதில்லை. பைசெப்ஸ் மேல்கையில் புடைக்கிறது. ஆனால் அது இழுப்பது முன்கை எலும்பை, முழங்கைக்கு நாலு விரல்கடைகூட இல்லாத தூரத்தில். இந்தச் சிறிய தூரத்தை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பாதி விஷயம் தானாகப் புரிந்துவிடும்.

இன்னொன்று: தசைக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது. அதனால்தான் ஒவ்வொரு மூட்டிலும் எதிரெதிராக இழுக்கும் தசைகள் இருக்கின்றன. புஷ்-அப்பில் தரையைத் தள்ளுகிறோம். உள்ளே ட்ரைசெப்ஸ் முழங்கையின் பின்பக்கத்திலிருந்து இழுத்துக்கொண்டிருக்கிறது.

மூன்று வகை நெம்புகோல்களை எப்படி நினைவில் வைப்பது?

நடுவில் யார் என்று பாருங்கள். ஆதாரம் நடுவில் இருந்தால் முதல் வகை, பளு நடுவில் இருந்தால் இரண்டாம் வகை, விசை நடுவில் இருந்தால் மூன்றாம் வகை.

தலையை நிமிர்த்திப் பிடிப்பது முதல் வகை. மண்டையோடு கழுத்தெலும்பின் மேல் அமர்ந்திருக்கும் இடம் ஆதாரம், முகத்தின் எடை முன்னால், பிடரித் தசைகளின் இழுப்பு பின்னால். ட்ரைசெப்ஸ் முழங்கையை நீட்டுவதும் இதே வகை. குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் நிற்பதை இரண்டாம் வகை என்பார்கள். மற்றவற்றில் மிகப் பெரும்பாலானவை மூன்றாம் வகை: பைசெப்ஸ் முழங்கையை மடக்குவது, தொடையின் முன்பக்கத் தசையான குவாட்ரிசெப்ஸ் முழங்காலை நீட்டுவது, தோளை மூடியிருக்கும் டெல்டாய்டு தசை கையை உயர்த்துவது.

தேர்வுக்கு இது போதும். களத்துக்கு வகையின் பெயரைவிட, மூட்டிலிருந்து விசைக்கோடும் பளுவின் கோடும் எவ்வளவு தள்ளிப் போகின்றன என்பதுதான் முக்கியம்.

மூன்றாம் வகையில் விசை நஷ்டம் என்கிறார்களே, உடல் ஏன் அப்படி அமைந்திருக்கிறது?

நஷ்டம் எவ்வளவு என்பதை முதலில் போட்டுப் பார்ப்போம். முழங்கை செங்கோணத்தில் மடங்கி, முன்கை தரைக்கு இணையாக, உள்ளங்கையில் 5 கிலோ டம்பெல். முழங்கையிலிருந்து டம்பெல் 35 செ.மீ. தூரம்: 50 × 0.35 = 17.5 நியூட்டன் மீட்டர். முன்கையும் கையும் சேர்ந்து சுமார் 1.5 கிலோ, அதன் எடைமையம் 15 செ.மீ. தூரத்தில்: ஏறக்குறைய 2.25. ஆக மொத்தம் 19.75 நியூட்டன் மீட்டர். விசையை மூட்டிலிருந்து அதன் தூரத்தால் பெருக்கி வரும் இந்த அளவுக்குத்தான் திருப்புத்திறன் என்று பெயர். மடக்கும் தசைகள் 4 செ.மீ. தூரத்தில் இழுக்கின்றன என்றால், அவை தர வேண்டிய விசை சுமார் 490 நியூட்டன். கையில் இருப்பது 5 கிலோ. தசைகள் இழுப்பது 49 கிலோவுக்குச் சமம்.

இதற்குக் கிடைக்கும் பலன் வேகமும் வீச்சும். அதே கணக்கில் 35-ஐ 4-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 9. தசைநாண் 1 செ.மீ. நகர்ந்தால் உள்ளங்கை 9 செ.மீ. நகர்கிறது, அதே நேரத்துக்குள். தசையால் பெரிய விசையைத் தர முடியும், ஆனால் தன் நீளத்தில் ஓரளவுக்கு மேல் சுருங்க முடியாது. மிக வேகமாகச் சுருங்கும்போது விசையும் விழுந்துவிடும். குறைவாகச் சுருங்கி நிறைய நகர்த்தும் இந்த அமைப்பு அதன் குணத்துக்குப் பொருத்தமானது. பந்தை எறிவதும் உதைப்பதும் இதனால்தான் நமக்குச் சாத்தியமாகிறது.

குதிகாலைத் தூக்குவது இரண்டாம் வகை, ஆகவே கெண்டைக்காலுக்கு விசை லாபம் என்பது சரிதானா?

புத்தகங்களில் திரும்பத் திரும்ப வரும் இந்த வரி பாதி உண்மைதான். முன்பாதம் ஆதாரம், கணுக்காலில் உடல் எடை, அதற்கும் பின்னால், கெண்டைத் தசையைக் குதிகாலோடு இணைக்கும் அகில்லஸ் தசைநாண். படத்தில் ஆதாரத்திலிருந்து விசை இருக்கும் தூரம் (விசைத் தொலைவு) பளு இருக்கும் தூரத்தைவிட (பளுத் தொலைவு) அதிகம், எனவே லாபம் என்று தோன்றுகிறது.

ஆனால் கெண்டைத் தசை வெளியே எங்கோ நின்று குதிகாலைத் தூக்கவில்லை. அதன் மேல்முனை அதே காலில், முழங்காலை ஒட்டிப் பற்றியிருக்கிறது. குதிகாலை மேலே இழுக்கும் அதே அளவுக்கு அது காலெலும்பைக் கீழே, கணுக்காலின் மேல் அழுத்துகிறது. அந்த அழுத்தமும் பளுவோடு சேர்கிறது. கணுக்காலை மையமாக வைத்துக் கணக்கிட்டால் தெளிவாகிவிடும்: 70 கிலோ உடையவர் ஒற்றைக்காலில் நுனியில் நிற்கிறார், தரை முன்பாதத்தைத் தள்ளும் 700 நியூட்டன் கணுக்காலுக்கு 12 செ.மீ. முன்னால், அகில்லஸ் 5 செ.மீ. பின்னால். 700 × 12 ÷ 5 = 1680 நியூட்டன். உடல் எடையைப்போல் 2.4 மடங்கு. வெறுமனே நிற்கும்போதே இவ்வளவு. ஓடும்போதும் குதிக்கும்போதும் இது இன்னும் பல மடங்கு ஏறும். ஓய்வில்லாமல் ஓட்டத் தூரத்தைக் கூட்டுகிறவர்களுக்குக் குதிகாலுக்கு மேலே காலை நேர இறுக்கமும் வலியும் வருவதற்கு அடிப்படை இந்தக் கணக்கு.

டம்பெல் அதே 5 கிலோதானே, ஏன் நடுவில் மட்டும் கனக்கிறது?

திருப்புத்திறனுக்கு வேண்டியது செங்குத்துத் தொலைவு. அதாவது மூட்டிலிருந்து பளு இழுக்கும் கோட்டுக்குச் செங்கோணத்தில் அளந்த தூரம். எலும்பின் நீளம் அல்ல. கதவைக் கீல் அருகே தள்ளிப் பார்த்தவர்களுக்கு இது கைக்குத் தெரிந்த விஷயம்.

முன்கை கீழே தொங்கும்போது டம்பெல் முழங்கைக்கு நேர்கீழே இருக்கிறது. தூரம் கிட்டத்தட்ட பூஜ்ஜியம். முன்கை தரைக்கு இணையாக வரும்போது முழு 35 செ.மீ. அதற்கு மேல் 45 பாகை ஏறினால் சுமார் 25 செ.மீ. எடை மாறவில்லை, தூரம்தான் ஏறி இறங்குகிறது. தசையின் பக்கமும் மாறிக்கொண்டே இருக்கும்: பைசெப்ஸின் தொலைவு செங்கோணத்தை ஒட்டித்தான் மிக அதிகம்.

ரப்பர் பட்டையில் கதை வேறு. இழுக்க இழுக்க அதன் விசை கூடுவதால் அசைவின் கடைசியில்தான் கனக்கும். ஒரே மூட்டுக்கு டம்பெல், பட்டை இரண்டையும் மாற்றி மாற்றிக் கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறது. அசைவின் வெவ்வேறு பகுதிகள் பலம் பெறும். டம்பெல்லை ஆட்டி வீசித் தூக்குகிறவர் அந்த நடுப்பகுதியை உந்தத்தால் தாண்டிவிடுகிறார். எந்த இடத்துக்காக அந்தப் பயிற்சியோ, அந்த இடத்தில் தசைக்கு வேலையே இல்லை.

எந்த மூட்டில் என்னென்ன அசைவு உண்டு?

முழங்கை கீல் மூட்டு: மடக்குதல், நீட்டுதல் மட்டும், சுமார் 145 பாகை வரை. உள்ளங்கையை மேல்நோக்கியும் கீழ்நோக்கியும் திருப்புவது முழங்கை மடக்கத்தில் சேராது. முன்கையின் இரண்டு எலும்புகளில் ஒன்று மற்றொன்றின் மேல் உருள்கிறது, அது சுழல் மூட்டு. ஸ்பின் பந்துவீச்சிலும் டேபிள் டென்னிஸிலும் இந்தத் திருப்பம்தான் உயிர்.

தோளும் இடுப்பும் பந்துகிண்ண மூட்டுகள். மடக்குதல், நீட்டுதல், உடலைவிட்டு விலக்குதல், உடலோடு அணைத்தல், உள்ளே வெளியே சுழற்றுதல், எல்லாவற்றையும் சேர்த்து வட்டமடித்தல் என்று எல்லாம் முடியும். இடுப்பில் கிண்ணம் ஆழமானது, அதனால் உறுதி அதிகம், வீச்சு குறைவு. முன்பக்கம் சுமார் 120 பாகை, பின்பக்கம் 20-ஐத் தாண்டுவது கடினம். ஓடும்போது கால் பின்னால் வெகுதூரம் போவதாகத் தெரிவதில் ஒரு பங்கு இடுப்பெலும்பின் சாய்வும் கீழ்முதுகின் வளைவும் தருவது.

மணிக்கட்டு நீள்வட்ட மூட்டு: முன்பின், பக்கவாட்டு இரண்டும் உண்டு. கட்டைவிரலின் அடி சேண மூட்டு. மட்டையைப் பிடிக்க முடிவதே அதனால். கணுக்காலில் பாதத்தை மேலே மடக்குவது சுமார் 20 பாகை, கீழே நீட்டுவது சுமார் 50. பாதம் உள்ளே, வெளியே சாய்வது அதற்குக் கீழேயுள்ள மூட்டில் நடக்கிறது. சுளுக்கு பெரும்பாலும் பாதம் உட்பக்கம் சாயும்போதுதான் விழுகிறது.

முழங்கால் மடங்கி நீள்வதுதானே, திரும்பும்போது ஏன் காயமாகிறது?

முழங்கால் வெறும் கீல் அல்ல. மடங்கியிருக்கும்போது காலெலும்பு சில பாகை உள்ளேயும் வெளியேயும் சுழல முடியும். முழுதாக நீட்டும் கடைசிக் கட்டத்தில் காலெலும்பு தானாக வெளிப்பக்கம் லேசாகத் திரும்பிப் பூட்டிக்கொள்ளும். நிற்கும்போது தசைக்கு அதிக வேலை இல்லாமல் இருப்பது இந்தப் பூட்டால்தான்.

சிக்கல் இங்கேதான். முழங்கால் கிட்டத்தட்ட நேராக இருக்கும் நிலையில் பாதம் தரையில் ஊன்றிக்கொண்டு, உடல் மட்டும் திரும்பினால், திரும்ப வழியில்லாத மூட்டின் மேல் மொத்தச் சுழற்சியும் விழுகிறது. கூடவே முழங்கால் உட்பக்கம் சரிந்தால், உள்ளே இருக்கும் முன் குறுக்குத் தசைநார் தாங்காமல் போகிறது. எதிராளி தொடாமலே, திசை மாற்றும்போதும் தரையிறங்கும்போதும் நடக்கும் முழங்கால் காயங்களின் பொதுவான வடிவம் இதுதான்.

பயிற்சியில் செய்ய வேண்டியது: 20 முதல் 30 செ.மீ. உயரப் பலகையிலிருந்து இரண்டு காலாலும் இறங்கிப் பழகுங்கள். முன்பாதம் முதலில் தொட வேண்டும், இடுப்பும் முழங்காலும் உடனே மடங்க வேண்டும், முழங்கால் சில்லு பாதத்தின் இரண்டாவது விரலின் திசையிலேயே இருக்க வேண்டும். சத்தத்தைக் கேளுங்கள், தொப்பென்று கேட்டால் மூட்டு மடங்கவில்லை. இரண்டு காலில் இது சுத்தமாக வந்த பிறகு ஒற்றைக்கால், அதன் பிறகு திசை மாற்றம். வரிசையை மாற்றி முதலிலேயே வேகமான திருப்பங்களுக்குப் போவது நேரத்தை மிச்சப்படுத்தாது.

தோள் ஏன் இவ்வளவு எளிதில் தொல்லை கொடுக்கிறது?

கிண்ணம் ஆழமில்லை. மேல்கை எலும்பின் தலையில் எந்த நேரமும் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரைதான் அதில் படுகிறது. மீதி உறுதியை ரொட்டேட்டர் கஃப் என்னும் நாலு சிறிய தசைகள் தருகின்றன. டெல்டாய்டு கையை உயர்த்தும்போது எலும்புத்தலையை மேலே இழுக்கிறது. அதைக் கிண்ணத்தின் நடுவில் பிடித்து வைப்பது அந்த நாலின் வேலை. அவை சோர்ந்தால் எலும்புத்தலை மேலேறி, மேல்பக்கத் தசைநாணை உரசும்.

கையைப் பக்கவாட்டில் 180 பாகை உயர்த்தும்போது தோள் மூட்டு ஏறக்குறைய 120 பாகைதான் தருகிறது. மீதி 60-ஐத் தருவது முதுகில் இருக்கும் தோள்பட்டை எலும்பின் சுழற்சி. மார்புத் தசை இறுகி, தோள் முன்னே குனிந்த ஆட்டக்காரருக்கு இந்த 60 முழுதாக வராது. ஸ்மாஷ் அடிக்கும்போது குறையும் அந்தப் பாகைகளைத் தோள் மூட்டே ஈடுகட்டப் பார்க்கும். வலி தோளில், காரணம் முதுகில்.

பளுத் தொலைவையும் பாருங்கள். கையை நேராக நீட்டி 5 கிலோவைப் பக்கவாட்டில் தூக்கினால்: டம்பெல் 50 × 0.6 = 30, கையின் எடை சுமார் 10, மொத்தம் 40 நியூட்டன் மீட்டர். தசைகளின் தொலைவு 3 செ.மீ. என்றால் 1300 நியூட்டனுக்கு மேல். முழங்கையைச் செங்கோணமாக மடக்கி முன்கையை முன்னால் வைத்துக்கொண்டால் டம்பெல்லின் தொலைவு 30 செ.மீ. ஆகிவிடுகிறது, வேலை ஏறக்குறைய பாதி. தோள் வலிக்குப் பிறகு திரும்பி வருகிறவர்களுக்கு எடையைக் குறைப்பதைவிட இது எளிய வழி.

பந்துவீச்சில், எறிதலில் நீளமான கை இருந்தால் வேகம் வந்துவிடுமா?

கையின் முனையின் வேகம் = சுழற்சி வேகம் × ஆரம். தோளிலிருந்து பந்துவரை 0.7 மீட்டர், கை வினாடிக்கு 30 ரேடியன் (ஒரு ரேடியன் சுமார் 57 பாகை) சுழல்கிறது என்று வைத்தால் வினாடிக்கு 21 மீட்டர், மணிக்குச் சுமார் 76 கி.மீ. அதே சுழற்சியில் கை மடங்கி ஆரம் 0.6 ஆனால் 65 கி.மீ. நேரான கையின் லாபம் கண்முன் தெரிகிறது. பேட்மின்டன் மட்டையும் ஹாக்கி மட்டையும் செய்வது இந்த ஆரத்தை நீட்டிக் கொடுக்கும் வேலையைத்தான்.

ஆனால் நீளம் கூடினால் சுழற்றுவது கடினம். சுழற்சியை எதிர்க்கும் நிலைமத் திருப்புத்திறன் தூரத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. அதே நிறை இரு மடங்கு தூரத்தில் இருந்தால் எதிர்ப்பு நாலு மடங்கு. எனவே திறமையான அசைவு முதலில் சுருக்கி வேகமெடுத்து, கடைசியில் நீட்டுகிறது. ஸ்மாஷில் முழங்கை மடங்கிப் பின்னால் போய், அடிக்கும் நொடியில் நேராவதைப் பாருங்கள்.

மீதி வேகம் வரிசையிலிருந்து வருகிறது. கால் ஊன்றுகிறது, இடுப்பு திரும்புகிறது, உடம்பு தொடர்கிறது, பிறகு தோள், முழங்கை, மணிக்கட்டு. முந்தைய பகுதி வேகம் குறையும்போது அடுத்தது வேகமெடுக்கிறது. கால்பந்து உதையில் இது துல்லியமாகத் தெரியும்: பந்தைத் தொடுவதற்குச் சற்று முன் தொடை வேகம் குறைகிறது, முழங்காலுக்குக் கீழே உள்ள கால் சீறிப் பாய்கிறது. பலமாக அடிக்க நினைத்து எல்லா மூட்டையும் ஒரே நேரத்தில் முறுக்குகிறவருக்கு இந்த வரிசை கலைந்து, பந்து மெதுவாகப் போகும். பேஸ்பால் எறிபவர்களின் தோளில் வினாடிக்குச் சுமார் 7000 பாகை உட்சுழற்சி அளக்கப்பட்டிருக்கிறது. தோள் தசைகளால் மட்டும் அந்த வேகம் வராது.

எறிந்த பிறகு கையைத் தொடர்ந்து வீசவிடுங்கள். அவ்வளவு வேகத்தையும் தோளின் பின்பக்கச் சிறு தசைகள்தான் நிறுத்த வேண்டும். நிறுத்தும் தூரம் குறைந்தால் அவற்றின் மேல் விழும் விசை கூடும்.

கிரிக்கெட்டில் 15 பாகை விதி எந்த அசைவைப் பற்றியது?

முழங்கை நீட்டுதலைப் பற்றியது. மேல்கை தோள் உயரத்துக்கு வந்ததிலிருந்து பந்து கையைவிட்டுப் போகும்வரை முழங்கை 15 பாகைக்கு மேல் நீளக் கூடாது என்பது சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலின் வரம்பு, 2005 முதல் எல்லா வகைப் பந்துவீச்சாளருக்கும் பொதுவாக. கை மடங்கியிருப்பது குற்றமல்ல. மடங்கிய கோணம் அப்படியே இருந்தால் பந்து சரியானதே. மடங்கியதை நீட்டும்போதுதான் முழங்கையும் ஒரு நெம்புகோலாகச் சேர்ந்து கூடுதல் வேகம் தருகிறது.

ஓடும்போது குதிகால் பின்புறம்வரை மடங்க வேண்டும் என்கிறார்களே?

எறிதலில் சொன்ன, தூரத்தின் வர்க்கத்தில் எதிர்ப்பு ஏறும் கணக்குதான். முன்னே வரும் காலை மடக்கினால் பாதமும் கெண்டைக்காலும் இடுப்புக்கு அருகே வந்துவிடுகின்றன. இடுப்பு மடக்கும் தசைகள் அதே முயற்சியில் காலை வேகமாக முன்னே கொண்டுவரும். ஆனால் இதை வலிந்து செய்யக் கூடாது. குதிகாலை வேண்டுமென்றே பின்னால் உதைத்தால் தொடை பின்தங்கிவிடும். முழங்கால் முன்னேறினால், மடக்கம் பெரும்பாலும் அதுவாக வரும்.

ஊன்றிய காலில் நடப்பது பலர் கவனிக்காதது. ஒற்றைக்காலில் நிற்கும்போது இடுப்பு மூட்டு ஆதாரம், உடலின் மீதி எடை ஒரு பக்கம் சுமார் 10 செ.மீ. தள்ளி, இடுப்பின் பக்கவாட்டில் இருக்கும் க்ளூட்டியஸ் மீடியஸ் தசை மறுபக்கம் சுமார் 5 செ.மீ. தள்ளி. முதல் வகை நெம்புகோல். 70 கிலோ உடலில் ஊன்றிய காலைக் கழித்தால் சுமார் 580 நியூட்டன். தசை 1160 தர வேண்டும். மூட்டின் மேல் இரண்டும் சேர்ந்து 1740, அதாவது உடல் எடையைப்போல் இரண்டரை மடங்கு. நின்றாலே இவ்வளவு. அந்தத் தசை தளர்ந்தால் மறுபக்க இடுப்பு ஒவ்வொரு அடியிலும் கீழே விழும், முழங்கால் உள்ளே சரியும். ஓடுகிறவரைப் பின்னாலிருந்து படமெடுத்தால் கால்சட்டையின் இடுப்புப் பட்டை ஏறி இறங்குவதில் தெரிந்துவிடும்.

ஸ்குவாட்டில் முழங்கால் விரலைத் தாண்டக் கூடாதா?

பார்பெல்லைத் தோளில் சுமந்து உட்கார்ந்து எழுவதுதான் ஸ்குவாட். இதைப் பொது விதியாகச் சொல்வது தவறு. தொடை தரைக்கு இணையாக வரும் நிலையில் 60 கிலோ பார்பெல்லின் கோடு தொடையின் 42 செ.மீ. நீளத்தை இரண்டாகப் பிரிக்கிறது. முழங்கால் கோட்டுக்கு 17 செ.மீ. முன்னால், இடுப்பு 25 செ.மீ. பின்னால் என்றால் (பார்பெல் மட்டும், இரு காலுக்கும் சேர்த்து) முழங்காலுக்கு 102, இடுப்புக்கு 150 நியூட்டன் மீட்டர். முழங்காலை வலுக்கட்டாயமாகப் பின்னே தள்ளி 9 செ.மீ. ஆக்கினால் முழங்காலுக்கு 54, இடுப்புக்கு 198. கூட்டினால் இரண்டிலும் 252. சுமை குறையவில்லை, இடம் மாறுகிறது; உடம்பு முன்னே சாய்ந்து கீழ்முதுகும் அதில் பங்கு வாங்குகிறது.

தொடை நீளமானவர்களின் முழங்கால் விரலைத் தாண்டாமல் ஆழமாக இறங்கவே முடியாது. பார்க்க வேண்டியவை வேறு: பார்பெல் நடுப்பாதத்துக்கு நேர்மேலே ஏறி இறங்குகிறதா, குதிகால் தரையில் இருக்கிறதா, முழங்கால் விரல் திசையில் போகிறதா. முழங்காலில் ஏற்கெனவே வலி உள்ளவருக்குத் தற்காலிகமாகப் பின்தள்ளிச் செய்வது வேறு விஷயம்.

பார்பெல்லைத் தரையிலிருந்து தூக்கி நிமிரும் டெட்லிஃப்டில் இதே கணக்கு முதுகைச் சுடும். 80 கிலோ பார்பெல் காலைவிட்டு 8 செ.மீ. முன்னே போனால் 64 நியூட்டன் மீட்டர் கூடுகிறது. முதுகுத் தசைகளின் தொலைவு 5 செ.மீ.தான், எனவே கூடுதலாக 1280 நியூட்டன், 128 கிலோவுக்குச் சமமான இழுப்பு. பார்பெல் முன்னங்காலை உரசியபடி ஏற வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான்.

முழங்கால் சில்லுக்கு என்ன வேலை?

குவாட்ரிசெப்ஸின் தசைநாணை மூட்டின் மையத்திலிருந்து முன்னே தள்ளிப் பிடிப்பது. விசைத் தொலைவு கூடுவதால் அதே இழுப்பில் அதிகத் திருப்புத்திறன் கிடைக்கிறது. முழங்கால் கிட்டத்தட்ட நேராகும்போது இந்தப் பலன் பெரியது.

தசை பலமாக இருந்தும் சில நிலைகளில் ஏன் வலுவிழக்கிறது?

மணிக்கட்டை நேராக வைத்து ஒரு பேனாவை முஷ்டியில் இறுக்கிப் பிடியுங்கள். இப்போது பிடியைத் தளர்த்தாமல் மணிக்கட்டை உட்பக்கமாக முடிந்தவரை மடக்குங்கள். பிடி தானாக நெகிழும். இன்னொருவர் பேனாவை எளிதாக உருவிவிடலாம். விரல்களை மடக்கும் தசைகள் முன்கையில் தொடங்கி மணிக்கட்டையும் கடந்து போகின்றன. இரண்டு மூட்டிலும் ஒரே நேரத்தில் சுருங்கினால் இழுக்க நீளம் மிச்சமிருக்காது. பின்பக்கத் தசைநாண்களும் எல்லைவரை இழுபட்டு விரலைத் திறக்கப் பார்க்கின்றன. மணிக்கட்டு சற்றே பின்பக்கம் வளைந்திருக்கும்போதுதான் பிடி மிக வலுவாக இருக்கும். மட்டை பிடிக்கக் கற்றுத்தரும்போது முதலில் சரிபார்க்க வேண்டியது இது.

தொடையின் பின்பக்கத் தசையான ஹாம்ஸ்ட்ரிங்கின் பெரும்பகுதியும் இப்படி இரண்டு மூட்டைக் கடப்பது. முழு வேக ஓட்டத்தில் பாதம் தரையைத் தொடுமுன், இடுப்பு மடங்கியும் முழங்கால் நீண்டும் இருப்பதால் அது இரண்டு முனையிலும் இழுபடுகிறது. அதே நேரத்தில் முன்னே பாயும் காலை நிறுத்தவும் அதுதான் வேண்டும். பலருக்கு அது கிழிவது அந்தக் கணத்தில். இதற்குத் தரப்படும் நோர்டிக் பயிற்சி: மண்டியிட்டு, கணுக்காலை ஒருவர் அழுத்திப் பிடிக்க, முழங்காலிலிருந்து தலைவரை நேர்கோடாக வைத்து மெதுவாக முன்னே சாய வேண்டும், தாங்க முடியாத இடத்தில் கைகளால் விழுந்து தாங்கலாம். முதல் வாரம் ஒரே நாள், 2 சுற்று, சுற்றுக்கு 5 முறை போதும். அதற்கு மேல் போனால் மறுநாள் வலியில் நடக்க முடியாது. வழக்கமான பிழை இடுப்பை மடக்கிவிடுவது. மடக்கினால் உடலின் எடைமையம் முழங்காலுக்கு அருகே வந்து பளுத் தொலைவு குறையும். பயிற்சி எளிதாகத் தெரியும், பலன் போய்விடும்.

புஷ்-அப் வரவில்லை. எப்படி எளிதாக்குவது?

ஆதாரத்தை நகர்த்துங்கள். கால்விரல் ஊன்றிய புஷ்-அப்பில் கைகள் உடல் எடையில் சுமார் மூன்றில் இரண்டு பங்கைத் தாங்குகின்றன, முழங்கால் ஊன்றினால் சுமார் பாதி. இதைவிட, கைகளை உயரமான பலகையில் வைத்துக் கால்விரல் ஊன்றிச் செய்வது நல்லது. உடம்பு முழுவதும் நேராக இருக்கப் பழகும், பலகையின் உயரத்தை வாரம்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம்.

கருவி இல்லாமல் மூட்டுக் கோணத்தை அளக்க முடியுமா?

ஃபோன் போதும். தோள், இடுப்பு, முழங்கால், கணுக்கால் ஆகிய மூட்டு மையங்களில் பளிச்சென்ற நிறத்தில் சிறு டேப் ஒட்டுங்கள்; தொளதொள உடை வேண்டாம், துணி நகர்ந்தால் டேப்பும் நகரும். ஃபோனை ஸ்டாண்டில், இடுப்பு உயரத்தில், குறைந்தது 5 மீட்டர் தள்ளி, அசைவின் தளத்துக்குச் செங்குத்தாக வையுங்கள். கிட்டே வைத்து எடுத்தால் ஓரங்களில் கோணம் பிழையாகும். சாய்வாக எடுத்தால் மடக்கம் இருப்பதைவிடக் குறைவாகவோ கூடுதலாகவோ தெரியும். ஸ்லோ மோஷனில் வினாடிக்கு 240 படம் வையுங்கள், வெளிச்சம் நன்றாக இருக்கட்டும்.

பிறகு படத்தை நிறுத்தி, மூன்று டேப் புள்ளிகளைக் கோடுகளால் இணைத்துக் கோணத்தை அளக்கலாம். உதையில் முழங்கால் 10 படத்துக்குள் 60 பாகை நீண்டால், 60-ஐ 10/240 வினாடியால் வகுக்க, வினாடிக்கு 1440 பாகை. எண்ணைவிட, ஒரே ஆளின் இந்த மாதப் படத்தையும் அடுத்த மாதப் படத்தையும் ஒரே இடத்திலிருந்து எடுத்து ஒப்பிடுவதில்தான் பயன். சுழற்சி அசைவுகளை மட்டும் ஒற்றைக் கேமராவில் நம்பாதீர்கள்; பந்துவீச்சின் முழங்கைக் கோணம் இப்படித் தீர்மானிக்கக் கூடியதல்ல.

கணுக்காலுக்கு ஃபோன்கூட வேண்டாம். சுவரைப் பார்த்து நின்று, குதிகாலைத் தரையிலிருந்து எடுக்காமல் முழங்காலால் சுவரைத் தொடுங்கள். தொட முடிகிற அளவுக்குப் பாதத்தைப் பின்னே நகர்த்திக்கொண்டே போய், கடைசியாகத் தொட முடிந்த இடத்தில் பெருவிரலிலிருந்து சுவர்வரை அளக்கவும். 10 செ.மீ.யை ஒட்டி வந்தால் நல்லது. இரண்டு காலுக்கும் 2 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் குறைந்த பக்கத்துக்கு வேலை கொடுங்கள். ஸ்குவாட்டில் குதிகால் எழும்புகிறவர்கள் இடுப்பைக் குறை சொல்லுமுன் இதைச் செய்து பார்க்கலாம்.

வளரும் பிள்ளைகளுக்குத் திடீரென்று ஆட்டம் குலைவது ஏன்?

எலும்பு முதலில் நீள்கிறது, தசையின் பலம் பின்னால் வருகிறது. கால் நீண்டால் பளுத் தொலைவு கூடும், சுழற்ற வேண்டிய எதிர்ப்பு அதைவிட வேகமாகக் கூடும். நேற்றுவரை பழகிய நேரக்கணிப்பு தவறும். சில மாதங்களுக்கு ஓட்டம் தடுமாறலாம், எறி இலக்கு தவறலாம். அதைச் சோம்பலாக எடுத்துக்கொண்டு பயிற்சியைக் கூட்டுவது தவறு.

இதே வயதில் தசைநாண் ஒட்டும் எலும்பு முனைகள் இன்னும் குருத்தெலும்பாக இருக்கும். குதித்தல், உதைத்தல் அதிகமானால் முழங்கால் சில்லுக்குக் கீழேயுள்ள மேடு வீங்கித் தொட்டால் வலிக்கும். குதிகாலின் பின்புறமும் அப்படி வலிக்கலாம். குதிக்கும் எண்ணிக்கையைக் குறைத்து, வலி இல்லாத அளவுக்கு ஆடவிட்டால் பெரும்பாலும் அடங்கும். இரவில் எழுப்பும் வலி, மூட்டு பூட்டிக்கொள்வது, நொண்டல், வீக்கம் வடியாமை இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.